பெரிய டொக்டர் ‘போதும்’ என்று சொல்லும்வரை

நான் ஓய்வுபெற்ற அன்று வார்ட்டில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். பற்றிஸ், கேக், கதலி வாழைப்பழம், ஆளுக்கொரு பேச்சு. இளம் நேர்ஸ்மார் என்னைப் புகழ்கிற சாட்டில் நன்றாக நையாண்டி பண்ணினார்கள். குறை சொல்ல முடியாது. நானும் அவர்களை லேசில் விட்டவள் இல்லை. கடைசியாக எழும்பியவள் அந்தக் கூட்டத்திலேயே வாய்க்காரி.

“மிஸியிட்டை ஒரு புதினம் இருக்கு,” என்றாள் என்னைக் காட்டி. “ஊசி போட்டு முடிஞ்சால் ‘சரி’ எண்டுவா. புண் கழுவி முடிஞ்சால் ‘முடிஞ்சுது’ எண்டுவா. தேத்தண்ணி ஊத்தேக்கை கையாலை மறிப்பா. ‘காணும்’ எண்டும் சொல்லமாட்டா, ‘போதும்’ எண்டும் சொல்லமாட்டா. ‘போதும்’ எண்ட சொல்லு அவவின்ரை வாயிலையிருந்து வந்ததை ஆராவது கேட்டிருக்கிறியளோ?”

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இத்தனை காலம் ஒருத்தி என் வாயைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஏன் என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லித் தப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் வந்தது மனதை அரித்தது. அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் டொக்டரின் பெயரையும் எழுதப் போவதில்லை. நோயாளியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

ஐம்பத்தாறாம் ஆண்டில் பண்டத்தரிப்பிலிருந்து கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனேன். கண்ட கண்ட ஆம்பிளைகளின் புண்ணைக் கழுவவா பெற்றேன் என்று அம்மா அடுப்பை மூட்டாமல் இருந்தா. பிறகு பசி தாங்காமல் அவவே மூட்டினா. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரிப்பை மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டப் பழகினோம், செத்தவர்களைக் கழுவப் பழகினோம், சிங்களத்தில் திட்டு வாங்கித் தமிழில் அழுதோம். முடிந்ததும் ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைத்தது. காது மூக்குத் தொண்டை வார்ட்டில் போட்டார்கள். அந்த வார்ட்டை ஒருவரும் விரும்பிக் கேட்பதில்லை, நாற்றம் அதிகம். நான் வந்த புதிதில் மாற்றம் கேட்டு எழுத நினைத்தேன். எழுதாமல் விட்டதற்குக் காரணம் பெரிய டொக்டர்.

பெரிய டொக்டர் என்று சொன்னாலும் ஆள் என் தோளுக்குத்தான் வருவார். நோயாளியைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் ஒரு சின்ன முக்காலியில் இருப்பார். கதைக்கும்போது அண்ணாந்துதான் பார்ப்பார். தொண்டைக்குள் விடுகிற கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் வாட்டி, முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு நோயாளியின் புறங்கையிலும் வைத்து, “சுடுதோ?” என்று கேட்பார். கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். வேலை தொடங்கு முன் மணிக்கூட்டைக் கழற்றி என் ஏப்ரன் பையில் போட்டுவிடுவார்; எத்தனை தரமோ நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த நாள் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

அவர் யாருக்கும் ‘பயப்படாதை’ என்று சொன்னதில்லை. நாங்கள் ‘ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை’ என்று நோயாளியைத் தேற்றினால் அவருக்குக் கோபம் வரும். “ஒண்டுமில்லையெண்டால் ஏன் இஞ்சை வந்திருக்கிறார்?” என்று கேட்பார். அவர் சொல்வது ஒன்றுதான்: “நோகும். நான் ‘போதும்’ எண்டு சொல்லுமட்டும் நோகும். சொன்னாப் பிறகு தொடமாட்டன்.” சொன்னபடியே செய்வார். ‘போதும்’ என்று சொன்ன பிறகு மறுபடி ஒருதரம் கருவியை எடுத்ததை நான் கண்டதில்லை. வேலை அரைகுறையாக நின்றாலும் அன்றைக்கு எடுக்கமாட்டார். நாளைக்கு என்பார். அதனால் சின்னப் பிள்ளைகள்கூட அந்தச் சொல் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள்.

மூக்கால் இரத்தம் வருகிற நோயாளிகள் எங்களுக்குப் புதிதல்ல. வெயில், இரத்த அழுத்தம், விரலை விட்டுக் கிண்டுகிற பிள்ளைகள். பெரும்பாலும் மூக்கைப் பிடித்து, தலையை முன்னுக்குச் சரித்து வைத்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருந்து தோய்த்த நீள நாடாத்துணியை மடித்து மடித்து மூக்குக்குள் அடைப்போம். அதற்கும் நிற்காமல் தொண்டைக்குள் இறங்கினால்தான் பின்னடைப்பு. மெல்லிய இறப்பர் குழாயை மூக்கால் விட்டு, தொண்டையில் அதன் நுனியைப் பிடித்து வாயால் எடுத்து, அதில் பட்டுநூல் கட்டிய துணிச்சுருளை முடிந்து, மூக்கு வழியே திரும்ப இழுக்கவேண்டும். சுருள் அண்ணாக்குக்குப் பின்னால் போய் இறுகும். டொக்டர் ஒரு கையால் இழுக்க, மற்றக் கையின் விரலை வாய்க்குள் விட்டுச் சுருளைத் தள்ளிவிடுவார். அந்த நேரம் நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. இப்போது அதற்குக் காற்று ஊதுகிற குழாய் வந்துவிட்டது. நான் சுருட்டி வைத்த துணிச்சுருள்கள் மேசை லாச்சியில் கிடந்து மஞ்சளாகிப் போயின.

கதிரேசு வந்தது அறுபதுகளின் நடுவில், வெங்காயம் கிண்டுகிற காலம். அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரர், முப்பது வயது இருக்கும். தம்பி சின்னராசாதான் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். கதிரேசுவின் சாரம் நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. கையில் பிடித்திருந்த துவாயில் துளியும் வெள்ளை இல்லை. இடதுபக்க மூக்கால்தான் இரத்தம். ஒழுகவில்லை, இதயம் அடிக்க அடிக்கப் பாய்ந்து வந்தது.

டொக்டர் அடைத்து நிறுத்தினார். அவருடைய சேட்டும் என் ஏப்ரனும் சலவைக்கு உதவாமல் போயின. எல்லாம் அடங்கிய பிறகு அவர் முக்காலியை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, கதிரேசுவின் இடது கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார். அந்தக் கண் விரலைப் பின்தொடரவில்லை.

“இந்தக் கண் எப்ப போனது?”

பதில் சொன்னது தம்பி. “விழுந்தாப் பிறகு ஐயா. துலாவாலை விழுந்தவர்.”

இதை வாசிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் துலா மிதித்து இறைப்பதைப் பார்த்திருப்பீர்களோ தெரியாது. இப்போது எல்லாத் தோட்டத்திலும் மோட்டர். அந்த நாளில் கிணற்றடியில் நடுகால் நட்டு, அதில் நீண்ட மரத்தை ஏற்றம்போலப் பொருத்தியிருப்பார்கள். ஒருவர் அந்த மரத்தின் மேலேறி முன்னும் பின்னும் நடப்பார். அவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் தண்ணீர் அள்ளுகிற பட்டை கிணற்றுக்குள் இறங்கும், திரும்பி நடந்தால் நிறைந்து மேலே வரும். இன்னொருவர் கிணற்றுக்கட்டில் நின்று பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். மேலே நடப்பவருக்குக் கீழே பட்டை எங்கே நிற்கிறது என்று தெரியாது. கதிரேசு வீட்டில் ஒரு வழக்கம்: கீழே நிற்கிறவர் ‘ஓ’ என்று குரல் கொடுத்தால்தான் மேலே நிற்கிறவர் அடி எடுத்து வைப்பார். தகப்பன் காலத்திலிருந்து அப்படி.

“பட்டை கல்லிலை சிக்கினது ஐயா,” என்றான் சின்னராசா. “எடுபட்டிட்டுது எண்டு நினைச்சு நான் குரல் குடுத்திட்டன். எடுபடேல்லை. அண்ணை நடந்தவர். துலா நிண்டு, பிறகு ஒரேயடியாய்க் கிளம்பினது. அண்ணை வாய்க்கால் கல்லிலை முகம் அடிபட விழுந்தவர்.”

இதைச் சொன்னபோது அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணனும் அவனைப் பார்க்கவில்லை. மூக்கு அடைத்திருக்க, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுந்து சில வாரங்களில் எழும்பி நடந்திருக்கிறார். பிறகு ஒருநாள் மூக்கால் கொஞ்சம் இரத்தம் வந்திருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அடிபட்டுத் தேங்கி நின்ற கெட்ட இரத்தம் வெளியாலை போகிறது, மறிக்கக்கூடாது என்றார்களாம். அடுத்த தரம் அதிகமாக வந்தபோதும் மறிக்கவில்லை. சின்னராசா சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். “இனித் தலைப்பாரம் குறையும் அண்ணை எண்டு சொன்னனான்,” என்றான் டொக்டரிடம். டொக்டர் அவனை ஏசவில்லை.

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கதிரேசுவின் மூடிய இடது கண் இமைமேல் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். தூரத்தில் யாரோ மெல்ல ஊதுவதுபோல ஒரு சத்தம், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒன்று.

அன்றைக்கே அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒளிக்கத் தெரியாது. “சைக்கிள் ரியூப் ஒரு இடத்திலை மெலிஞ்சு முட்டிக்கொண்டு நிக்கிறதைக் கண்டிருப்பீர். கழுத்தாலை மூளைக்குப் போற பெரிய நாடி உமக்கு மூக்குக்குப் பின்னாலை அப்பிடி முட்டி நிக்குது. எலும்பு வெடிச்சபடியாலை அது மூக்குக்குள்ளை உடையுது. நான் அடைக்கிறது கொஞ்ச நாளைக்குத்தான் நிக்கும்.”

“அதுக்குப் பிறகு?” என்று கதிரேசு கேட்டார்.

“ஒருநாள் என்னாலை மறிக்கேலாமல் வரும். அதுக்கு முதல் கழுத்திலை அந்த நாடியைக் கட்டவேணும். கட்டினால் மூளையின்ரை இந்தப் பக்கத்துக்கு ரத்தம் காணாமல் போகலாம். வலது கை கால் விழலாம். கதையும் போகலாம்.”

“உயிர் இருந்தால் காணும் ஐயா. என்ரை பிள்ளை இன்னும் தவழேல்லை,” என்றார் கதிரேசு.

அந்த நாடியைப் படம் பிடித்துப் பார்க்கிற வசதி கொழும்பில்தான் இருந்தது. டொக்டர் ட்ரங்க் கோல் எடுத்துக் கொழும்பில் மூளைச் சத்திரசிகிச்சை செய்கிறவரோடு கத்திக் கத்திக் கதைத்தார். ஒரு பகல் முழுக்க ரெயிலில் குலுக்கினால் வழியிலேயே உடைந்துவிடும், அங்கேயே கட்டு என்று பதில் வந்தது. ஆனால் கட்டலாமா என்று முதலில் பார்க்கவேண்டும். அதற்கு ஒரே வழி, கழுத்து நாடியைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு, மூளை தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பது.

மூக்கு அடைப்பு எடுத்த அடுத்த நாள் காலை கட்டிலைச் சுற்றித் துணித்தட்டி மறைத்தோம். கதிரேசுவைத் தலையணை இல்லாமல் படுக்கவைத்தோம். நான் வலது பக்கம் நின்று அவருடைய வலது கையைப் பிடித்தேன்.

“மிஸியின்ரை கையை அமத்திப் பிடியும்,” என்றார் டொக்டர். “வாயாலை கதைச்சுக்கொண்டே இரும். என்னத்தையெண்டாலும் கதையும். நான் ‘போதும்’ எண்டு சொல்லுமட்டும் கையையும் விடக்கூடாது, கதையையும் விடக்கூடாது.”

“என்னத்தைக் கதைக்கிறது?” என்று கதிரேசு என்னைக் கேட்டார். ஆள் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரியான ஆள். வார்ட்டுக்கு வந்து அதுவரை பத்து வசனம் பேசியிருக்கமாட்டார்.

“புகையிலை எப்பிடிச் செய்யிறது எண்டு சொல்லும். எனக்கு ஒண்டும் தெரியாது,” என்றேன். பண்டத்தரிப்பில் பிறந்தவளுக்குப் புகையிலை தெரியாதா? ஆனால் அவர் நம்பினார். விதையைச் சாம்பலோடு கலக்கிறதில் தொடங்கினார். டொக்டர் பெருவிரலை வைத்து அமத்தினார். நாலைந்து வசனம் போயிருக்கும். “நாத்துமேடைக்கு… நாத்து… நா…” நாக்கு தடித்துப் போயிற்று. என் கைக்குள் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. நான் தலையை ஆட்டினேன். டொக்டர் விரலை எடுத்து, “போதும்,” என்றார். அவர் முகத்தில் நிறம் திரும்பி வர எனக்கு உயிர் வந்தது.

அன்று கட்டியிருந்தால் அந்த இடத்திலேயே ஒரு பக்கம் விழுந்திருக்கும். டொக்டர் வேறு வழி எடுத்தார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அமத்தினால், மற்றப் பக்கத்து நாடிகள் பழகி இந்தப் பக்கத்துக்கும் இரத்தம் அனுப்பக்கூடும். ஆனால் ஒவ்வொரு நாள் தாமதிக்கும்போதும் மூக்குக்குப் பின்னால் இருந்த அந்த முட்டு எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அவர் காலையில் வார்ட்டுக்குள் வந்ததும் முதலில் கதிரேசுவின் கட்டிலடியில் இரத்தம் துப்ப வைத்திருந்த கிண்ணத்தைத்தான் பார்ப்பார். அது சுத்தமாக இருந்தால் மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தருவார்.

அப்படியே நாள்கள் போயின. காலையில் தட்டி மறைப்போம், நான் கையைப் பிடிப்பேன், டொக்டர் கழுத்தை அமத்துவார், கதிரேசு புகையிலை செய்வார். ஒருநாள் நாற்றுப் பிடுங்கல், ஒருநாள் நடுகை, ஒருநாள் உரமாகப் பனையோலை வெட்டி மண்ணில் தாழ்க்கிறது. விட்ட இடத்திலிருந்துதான் அடுத்த நாள் தொடங்குவார், ஒரு சொல் பிசகாது. எனக்கு அதைக் கேட்பதில் ஒரு ஆசை வந்துவிட்டது. லீவு நாளில்கூட இன்றைக்கு எதைச் சொல்லியிருப்பார் என்று நினைப்பேன். கை நாளுக்கு நாள் பலத்தது. சின்னராசா தட்டிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். உள்ளே வரமாட்டான்.

அந்தக் கதையில் தண்ணீர் இறைப்பு வந்த அன்று கதிரேசு நன்றாகத்தான் கதைத்துக்கொண்டு போனார். “விடியவே துவங்கிடுவம் மிஸி. நான் துலாவிலை, தம்பி கிணத்துக்கட்டிலை பட்டையோடை. அவன் குரல் குடுப்பான். நான் நடப்பன்…”

அதோடு நின்றுவிட்டார். டொக்டரின் முகம் மாறியது. “கதையும், கதையும்,” என்றார். நான் என் கையைப் பார்த்தேன். விரல்கள் சோரவில்லை, என் எலும்பு நோகிற அளவுக்கு அமத்திக்கொண்டிருந்தன. கை இருக்கிறது என்று டொக்டருக்குத் தலையசைத்தேன். கதிரேசுவின் நல்ல கண் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டிக்கு வெளியே சின்னராசாவின் கால்கள் அசையாமல் நின்றன. கொஞ்சம் பொறுத்து, “பிறகு நுனிக் குருத்தை முறிக்கிறது,” என்று கதிரேசு தொடங்கினார். டொக்டர் முடியும்வரை விட்டுப் பிறகு, “போதும்,” என்றார்.

இரண்டாவது கிழமையில் கதிரேசு தாக்குப்பிடித்தார். டொக்டர் எவ்வளவு நேரம் அமத்தினாலும் கதை குழறவில்லை. மறுநாள் கட்டுவது என்று முடிவாயிற்று. அன்று கதிரேசு இலை வெட்டி வாட்டி முடித்து, புகைக்குடில் வாசல் வரை வந்திருந்தார்.

மறுநாள் காலைத் தேத்தண்ணி கொடுக்கிற நேரம், தியேட்டருக்குக் கொண்டுபோக முன்னமே மூக்குக்குப் பின்னால் அந்த முட்டு உடைந்தது. அவருடைய தேத்தண்ணிப் பேணி விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். மூக்காலும் வாயாலும் ஒன்றாக வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு இரத்தத்தை ஒரே ஆளிடமிருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயம் வந்தது, இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. டொக்டர் வந்து கட்டிலிலேயே முழங்கால் போட்டு ஏறி அடைத்தார். ட்ரொலியில் தள்ளிக்கொண்டு போகும்போது கதிரேசு என் கையைத் தேடிப் பிடித்தார். தியேட்டரில் மயக்கமருந்து ஏறி விரல்கள் தானாக விடும்வரை அமத்திக்கொண்டே இருந்தார். சின்னராசா தன் இரத்தம் கொடுத்தான். பிறகு நடைபாதைச் சுவரோடு குந்தியிருந்தான்.

நாடியைக் கட்டினார்கள். இரத்தம் நின்றது. பின்னேரம் கதிரேசு கண் திறந்தார். வலது கையைத் தூக்கச் சொன்னோம், தூக்கினார். தண்ணீர் கேட்டார். என்னைக் கண்டதும், “புகைக்குடில் மிச்சம் கிடக்கு மிஸி. நாளைக்குச் சொல்லுறன்,” என்றார், மூக்கு அடைத்த குரலில். டொக்டர் வெளியே போய்ச் சிகரட் பற்றவைத்தார். அவர் சிகரட் பிடிப்பார் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் மத்தியானம் நான் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். வாயின் வலது கடைவாயால் கஞ்சி வழிந்தது. துடைத்துவிட்டு, “விழுங்கும்,” என்றேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. மறுபடி முயன்றார். தன் வாய்க்கு என்ன நடந்தது என்று என்னைக் கேட்கிற மாதிரி அந்த ஒற்றைக் கண் பார்த்தது. வலது கையைப் பிடித்தேன். அது என் கைக்குள் சும்மா கிடந்தது. டொக்டரைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து, செய்யக்கூடியது எல்லாம் செய்தார். அந்தக் காலத்தில் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவர் கட்டிலடி முக்காலியில் இருந்தார். “உயிரைப் பிடிச்சம், நேர்ஸ். கதையை விட்டிட்டம்,” என்றார். மணிக்கூடு என் பையிலேயே இருந்தது. அன்றும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன், அடுத்த நாள் அவர் ஏசவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் சின்னராசா தண்ணீர்க் குழாயடியில் என்னை மறித்தான்.

“மிஸி, அண்டைக்கு அண்ணை ‘நான் நடப்பன்’ எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டினவர். நான் வெளியிலை நிண்டனான். பிறகு எப்பவாவது, நான் இல்லாத நேரம், என்னைப் பற்றி உங்களிட்டை ஏதும் சொன்னவரோ?”

நான் பெரிய டொக்டரிடம் வேலை பழகியவள். “இல்லைத் தம்பி. ஒண்டும் சொல்லேல்லை,” என்றேன்.

“அப்ப மனதிலை வைச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இனிச் சொல்லவும் மாட்டார்.” அவன் சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனைத் தூக்கப் போனான்.

கதிரேசு அதன்பிறகு பல வருஷம் இருந்தார். மூக்கால் ஒரு துளி இரத்தம் வரவில்லை, வாயால் ஒரு சொல்லும் வரவில்லை. பெரிய டொக்டர் அடுத்த வருஷமே மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். போகிற நாள் வரை, கிளினிக்குக்குக் கதிரேசு வந்தால் முக்காலியில் இருந்து, “ஒருக்கால் சொல்லும் பாப்பம்,” என்று கேட்பார், கதிரேசு முயல்வார், டொக்டர் பொறுமையாகக் காத்திருப்பார்.

டொக்டர் போன பிறகு ஒரு கிளினிக் நாள். புது டொக்டர் உள்ளே வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னராசா அண்ணனை நீள வாங்கில் இருத்தியிருந்தான். அண்ணனுக்குத் தலை படிய வாரி, சவரம் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கொண்டுவந்திருந்தான். தான் தோட்டத்திலிருந்து அப்படியே வந்தவன்போல இருந்தான். எலும்பும் தோலுமாய்ப் போயிருந்தான்.

“என்னடாப்பா இப்பிடி மெலிஞ்சு போனாய்?” என்று கேட்டேன்.

“துலாவைத் தறிச்சுப் போட்டன் மிஸி. மோட்டர் வைச்சிருக்கிறம்,” என்றான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “அண்ணை என்னைப் பாத்துக்கொண்டே இருப்பார். ஒருநாளைக்குக் கோவமாய்ப் பாக்கிறமாதிரிக் கிடக்கு. ஒருநாளைக்கு அப்பிடி இல்லை. எனக்குச் சோறு இறங்குதில்லை.”

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பெரிய டொக்டரின் முக்காலி மூலையில் கிடந்தது. அதை இழுத்துக் கதிரேசுவின் முன்னால் போட்டு அதில் இருந்தேன். அவருடைய இடது கையைப் பிடித்தேன்.

“கதிரேசு, நான் சொல்லுறது விளங்கினால் அமத்தும்.” அமத்தினார். முன்னைப்போலவே பலமாக.

“தான் குரல் குடுத்துத்தான் நீர் விழுந்தனீர் எண்டு உம்மடை தம்பி செத்துக்கொண்டிருக்கிறான். நீர் வாய் திறக்க வேண்டாம். அவனிலை உமக்குக் கோவம் இல்லையெண்டால் என்ரை கையை அமத்தும்.”

அவர் என்னைப் பார்த்தார். விரல்கள் இளகின. பிறகு கையை என்னிடமிருந்து முழுவதாக எடுத்துவிட்டார். கேட்டிருக்கக்கூடாது என்று நினைத்தேன். சின்னராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கதிரேசுவின் இடது கை என்னைத் தாண்டிப் போயிற்று. தம்பியின் சேட்டு விளிம்பைப் பிடித்தது, அங்கிருந்து மணிக்கட்டுக்கு வந்தது, பிறகு விரல்களுக்கு இறங்கியது. பிடித்து அமத்தினார். விரல் மொழிகள் வெளுக்க அமத்தினார். சின்னராசா அண்ணனுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்துகொண்டு, அத்தனை பேருக்கு முன்னால், குழந்தைப் பிள்ளைமாதிரி விம்மி விம்மி அழுதான். நானும் அழுதேன்.

அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். சின்னராசா முகத்தைத் துடைக்கக் கையை இழுத்தான். கதிரேசு விடவில்லை. மறுபடி இழுத்தான். விடவில்லை. அப்போதுதான் பார்த்தேன், கதிரேசுவின் நல்ல கண் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் டொக்டரின் முக்காலியில் இருந்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தது எதற்கு என்று அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சொல்லவில்லை. கிளினிக் முடிந்து, இருவரும் அப்படியே கையைப் பிடித்தபடி, ஒருவர் காலை இழுக்க மற்றவர் அவருக்காக அடியைக் குறைக்க, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போனார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, பிள்ளை.